நாலாவது ஆள்

கரியாஹாட்டில் இளம் புகைப்படக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஓய்வில் கிடக்கும் என்னை ஒரு சனிக்கிழமை மாலை பேசக் கூப்பிட்டார்கள். வாசல் சுவரொட்டியில் என் முகத்தைப் பாதி இருட்டில் மூழ்கடித்து, கீழே ‘கோதிக் புகைப்படக் கலைஞர்’ என்று போட்டிருந்தார்கள். கல்லறை, சிதிலம், மூடுபனி, சாவு என்று படம் எடுக்கிறவனுக்கு உலகம் கொடுக்கும் பட்டம் அது. கூட வந்த என் மனைவி சுவரொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “கண்ணீர் அஞ்சலின்னு ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது” என்றாள்.

முதல் கேள்வி, பேயைப் பார்த்திருக்கிறீர்களா என்பது. இல்லை என்றேன். நள்ளிரவில் கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றேன். இறந்தவர்கள் நடுவே வேலை செய்யும் துணிச்சல் எப்படி வந்தது என்று ஒரு பெண் கேட்டாள். வரவே இல்லை என்றேன். இதற்குப் பிறகு தேநீரைச் சீக்கிரமே கொண்டுவந்துவிட்டார்கள். பெஹாலாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி, “இதுக்கா சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று மனது அரித்துக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்ததே கல்கத்தாவில். அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் எழுதச் சொன்ன பரீட்சைகளை எல்லாம் எழுதி, எல்லாவற்றிலும் பாரபட்சமில்லாமல் தோற்று, கடைசியில் கேமராவுக்கு வந்து சேர்ந்தேன். ஃபிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் சில மாதங்களில் கற்றதை நான் சில வருஷங்களில் கற்றேன், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காளிகாட் பக்கம் நிதாய் பாபு என்பவரின் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. கடை சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருந்தது. அங்கே பாஸ்போர்ட் படம் எடுப்போம், கல்யாணப் படம் எடுப்போம், பிணப் படமும் எடுப்போம். மூன்றாவது சங்கதி சேரும்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த டிராமில் ஏறி வீட்டுக்கே போயிருப்பேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிணம் என்றால் பயம். தெருவில் ‘போலோ ஹொரி’ என்று கோஷமிட்டுப் பாடை வரும் சத்தம் கேட்டாலே மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொள்ளும் பிள்ளை நான். வேலையில் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. கேமராப் பையில், லென்ஸ் துடைக்கும் துணிக்குள் ஒரு திருநீற்றுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். குளித்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று மனைவி சட்டம் போட்டிருந்தாள். நான் ஸ்டூடியோவிலேயே ஒரு முறை குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்பது அவளுக்குத் தெரியாது.

நிதாய் பாபுவுக்குக் கனத்த உடம்பு, மெல்லிய குரல். உயிரோடு இருப்பவர்களிடம் அவர் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த வங்கி மேனேஜரைப் பார்த்து, “முகத்தைத் தூக்குங்க, ரெண்டு தாடை தெரியுது” என்று அதட்டுவார். ஆனால் சாவு வீட்டுக்குள் நுழைந்தால் ஆளே மாறிவிடுவார். செருப்பைத் தெருவாசலிலேயே விட்டுவிட்டு, தலைமாட்டில் போய்க் குனிந்து கைகூப்பி, “மேஷோமொஷாய், ஒரு நிமிஷம் தொந்தரவு பண்றேன், பொறுத்துக்கணும்” என்பார். பெண்ணாக இருந்தால் “மாஷிமா”. முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லி அழைப்பது வங்காளி வழக்கம். இறந்தவருக்கும் அதை நீட்டித்தது நிதாய் பாபுவின் வழக்கம். வேலை முடிந்ததும், “ஆச்சு, ஓய்வெடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார்.

எதற்கு இதெல்லாம் என்று ஒரு நாள் கேட்டேன். “உயிரோட இருக்கறவனுக்குப் பிடிக்கலைன்னா எழுந்து போயிடுவான். இவங்களால முடியாதே. அதனால நாமதான் முதல்ல கேட்டுக்கணும்” என்றார்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. கால்மாட்டிலிருந்து எடுக்கக் கூடாது. பாதம் பூசணிக்காயாகவும் முகம் சுண்டைக்காயாகவும் விழும். தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தால்தான் முகவாய் எடுப்பாகத் தெரியும். கண்மேல் வைத்த துளசியையும் மூக்கில் வைத்த பஞ்சையும் வீட்டார் கையாலேயே எடுக்கச் சொல்ல வேண்டும், முடிந்ததும் அவர்கள் கையாலேயே திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும். ஃபிளாஷை நேரே அடித்தால் முகம் மெழுகாகிவிடும். கூரையில் அடித்து வெளிச்சத்தை மேலிருந்து இறக்க வேண்டும். ஊதுவத்தியை ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும். யாராவது அழுதுகொண்டே சரிந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை நிதாய் பாபு வாயால் சொன்னதில்லை, பலமுறை செய்து காட்டினார்.

நான் தனியாகப் போன முதல் வீட்டில் இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். தலையணை, துளசி, கூரை வெளிச்சம், எதிலும் குறையில்லை. பாடையைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் நின்றது. கேமராவில் கண்ணை வைத்தேன். கல்யாண வீடுகளில் வந்த பழக்கதோஷம், “எல்லாரும் கொஞ்சம் சிரிங்க” என்று வங்காளியில் சொல்லிவிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை என்பதை வங்காளிகளின் பண்பாட்டுக்குச் சான்றாக எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், சொன்ன பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் போலிருக்கிறது, உடனே சிரித்துவிட்டார். பிரிண்டில் அது தெளிவாகவே விழுந்தது. அதைக் கொடுக்க நிதாய் பாபு நேரில் போனார். மன்னிப்பும் கேட்டார், வீட்டாரிடம் அல்ல, இறந்தவரின் படத்திடம்.

இனி கோதிக் ஆன கதை. தன் கொள்ளுப்பாட்டனாரின் கல்லறையைத் தேடி ஒரு வெள்ளைக்காரம்மாள் வந்திருந்தார், அதைப் படம் எடுக்க என்னை அமர்த்தினார். அவருடைய ஓட்டல் அறையில் ஏ.சி. நடுங்க நடுங்க ஓடிக்கொண்டிருந்தது. அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, நேரே பார்க் தெரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறங்கினேன். ஆடி மாதப் புழுக்கம். குளிர்ந்துபோன லென்ஸில் ஆவி படிந்ததை நான் கவனிக்கவே இல்லை. பிரிண்ட் போட்டபோது கூம்பு கோபுரங்கள் எல்லாம் வெண்புகைக்குள் மிதந்தன. படம் வீணாகிவிட்டது என்று திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அந்தம்மாளோ கண்ணில் நீரோடு, “என்ன மூடுபனி, என்ன துயரம்” என்று அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்துவிட்டார். கோதிக் என்ற சொல் என்மேல் ஒட்டியது அங்கேதான்.

அதன்பின் என் தனிப் பாணி என்று பத்திரிகைகளில் பேசப்பட்டது எல்லாம் ஒரே வித்தைதான். லென்ஸ் முன்னால் உள்ள கண்ணாடியில் ‘ஹா’ என்று ஊதுவேன். அது மறைவதற்குள் எடுப்பேன். ‘நிலவொளியில் தேவதை’ என்று பெயர் பெற்ற படம் மதியச் சாப்பாட்டு வேளையில், நீல ஃபில்டர் போட்டு, இடது கையில் பாதி வாழைப்பழத்தோடு எடுத்தது. நாலு மணிக்குக் காவல்காரர் சாவிக் கொத்தைக் குலுக்குவதற்கு முன்னாலேயே நான் வெளி கேட்டில் நிற்பேன். அந்தக் கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பிரமிடு அளவுக்குக் கட்டி, ‘என்றும் மறவோம்’ என்று ஆழமாகச் செதுக்கியிருப்பார்கள். மறந்துவிடுவோம் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அவ்வளவு ஆழமாகச் செதுக்குவார்கள். நம் வீடுகளில் அது ஒரு சட்டம் போட்ட படத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் படம் எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் புரிந்தது சால்ட் லேக்கில்.

ஒரு நாள் காலை அங்கேயுள்ள மத்திய அரசுக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. தமிழ் வீடு என்பதால் நிதாய் பாபு என்னை அனுப்பினார். இறந்தவர் சண்முகம், கணக்குத் துறை அதிகாரி, திருநெல்வேலிக்காரர். விடியும்போது மாரடைப்பு. அவர் மனைவி கோமதி அம்மாள், கல்லூரியில் படிக்கும் ஒரே மகள் சங்கரி, வீட்டில் அவ்வளவு பேர்தான். நல்ல கோடை. ஊரிலிருந்து யாரும் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று, மதியமே உடலை எடுத்துவிட முடிவாகியிருந்தது.

உள்ளே நுழைந்ததும் சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “காக்கூ,” என்றாள். வங்காளியில் சித்தப்பாவைக் கூப்பிடும் சொல் அது. “எங்க மூணு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு போட்டோகூட இல்ல காக்கூ. ஒண்ணுகூட இல்ல.”

அலமாரியில் படங்களுக்குக் குறைவில்லை. அப்பாவும் மகளும் விக்டோரியா மண்டபத்துக்கு முன்னால், எடுத்தது அம்மா. அம்மாவும் மகளும் பூரி கடற்கரையில், எடுத்தது அப்பா. மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் அதில் ஒருவர் போய்விடுவார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கல்யாண வீடுகளில் மூன்று பேர் நின்றால் எங்கிருந்தாவது ஒரு குழந்தையைத் தூக்கி வந்து நாலாக்குவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கோமதி அம்மாள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வரட்டும், நாலு பேராக நின்று எடுத்துக்கொள்வோம் என்று மூவரும் காத்திருந்தார்கள்.

“இப்பவாவது எடுத்துக்கலாம்மா. இதை விட்டா எப்ப?” என்றாள் சங்கரி.

கோமதி அம்மாள் தலையை ஆட்டினார். “மூணு பேரா வேண்டாம்ட்டி. அவுகளைக் குடுத்தாச்சு. இன்னொண்ணு குடுக்க எங்கிட்ட நீ மட்டுந்தான் இருக்கே” என்றார்.

எதிர்வீட்டு கோஷ் பாபு விவரம் கேட்டார். நான் வங்காளியில் சொன்னேன். அவர் பௌதிக ஆசிரியர். இது வெறும் மூடநம்பிக்கை, படித்த குடும்பத்தில் இப்படியா என்று உரக்கவே சொன்னார். காரியம் செய்ய வந்த ஐயர் அவரைப் போல விவாதம் செய்யவில்லை, நேரே வழிக்கு வந்தார். “சரீரத்தை ஆள் கணக்கில சேர்க்கிறதில்லை அம்மா. ஜீவன் போயாச்சு. கணக்குப்படி நீங்க ரெண்டு பேர்தான். தாராளமா எடுத்துக்கலாம்.”

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. எனக்குந்தான். கேமராவைத் தூக்கினேன்.

“அவுக கணக்குல இல்லைன்னு சொல்லுதியளா சாமி?” என்றார் கோமதி அம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஐயர் குனிந்து கையிலிருந்த தர்ப்பையைப் பார்த்துக்கொண்டார். நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

எண்ணினால் மகளுக்கு ஆபத்து. எண்ணாமல் விட்டால் புருஷன் இல்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். அந்த அம்மாள் இரண்டையும் செய்ய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். சங்கரி தன் அப்பாவின் தலைமாட்டைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நாலாவதாக ஒருவர் நின்றால் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றியது. நல்ல யோசனை என்ற பெருமையோடு கோஷ் பாபுவைக் கூப்பிட்டேன். மூடநம்பிக்கை இல்லாதவர் அவர் ஒருவர்தானே. அவருக்குத் திடீரென்று ரத்த அழுத்த மாத்திரை ஞாபகம் வந்தது, வீட்டுக்குப் போனார். ஐயர், வைதீகத்துக்கு வந்தவன் படத்தில் நிற்கக் கூடாது என்றார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தன் குழந்தையை அணைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஒரு பொம்மையை வைக்கலாமா என்று நான் கேட்டேன். “உசிருள்ளது வேணும் தம்பி” என்றார் கோமதி அம்மாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். “நீங்க நிப்பியளா?”

நான் உடனே பெருந்தன்மையோடு சம்மதித்தேன் என்று எழுத ஆசைதான். என் வாயிலிருந்து வந்ததோ, “அப்ப படத்தை யார் எடுக்கறது?” என்பது. சங்கரி நிமிர்ந்து, “செல்ஃப் டைமர் இருக்குமே காக்கூ” என்றாள். அந்த விசையைக் கண்டுபிடித்தவனை அன்று மனதார வைதேன்.

முக்காலியை நிறுத்தினேன். இன்னொரு தலையணை வைத்தேன். பஞ்சை மகளை எடுக்கச் சொன்னேன். தலைமாட்டில் குனிந்தபோது நிதாய் பாபுவின் வார்த்தை தமிழில் தானாகவே வந்தது. “அண்ணாச்சி, ஒரு நிமிஷம் பொறுத்துக்கிடணும்” என்றேன். சங்கரி ஒரு பக்கம், கோமதி அம்மாள் ஒரு பக்கம், எனக்கு விட்டுவைத்திருந்த இடம் தலைக்கு வலப்புறம், இறந்தவரை ஒட்டி. பையிலிருந்த திருநீற்றை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு விசையைத் தட்டினேன். அது கிர்ரென்று ஓடத் தொடங்கியது, நானும் ஓடினேன். பாயின் விளிம்பில் கால் தடுக்கியது. விழாமலிருக்க ஒரு பிடிமானம் தேடிய கை அண்ணாச்சியின் தோளில் போய் ஊன்றியது. அந்தக் குளிர்ச்சி முழங்கை வரை ஏறியது. கத்த வாயைத் திறந்தேன், ஷட்டர் விழுந்துவிட்டது.

படத்தில் கோமதி அம்மாள் கணவரைப் பார்க்கிறார். சங்கரி நேரே நம்மைப் பார்க்கிறாள். நடுவில் பட்டை பட்டையாகத் திருநீறோடு, விழி பிதுங்கி, வாயைப் பிளந்து, இறந்தவரின் தோளில் பால்ய சிநேகிதன் மாதிரி கைபோட்டுக்கொண்டு ஒருவன் குனிந்து நிற்கிறான். நான் எடுத்தவற்றில் உண்மையான கோதிக் படம் அது ஒன்றுதான். நிதாய் பாபு பிரிண்டைக் கையில் வாங்கி, படுத்திருந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு என் முகத்தைத் தொட்டுக் காட்டி, “இவருக்குப் பஞ்சை யாரும் எடுத்துவிடலையா?” என்று கேட்டார்.

சங்கரிக்கு அப்பாவின் அலுவலகத்திலேயே வேலை கிடைத்து, தாயும் மகளும் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார்கள். படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. கோமதி அம்மாள் மாதம் தவறாமல் ஸ்டூடியோவுக்குப் போன் செய்வார். “தம்பி, நல்லா இருக்கியளா? குரல் கம்முதே, சளியா? மழையில அலையாதீங்க.” தீபாவளிக்கு முந்திரிக்கொத்து வரும். எனக்கு ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன். கலை மனித மனத்தைத் தொடும் விதம் பற்றி மனைவியிடம் ஒரு முறை விரிவாகப் பேசினேன். அவள் முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டே கேட்டாள்.

சில வருஷம் கழித்து எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். போனில் நான் கிடைக்கவில்லை என்றதும் கோமதி அம்மாள் மகளோடு பஸ் மாறி மாறி பெஹாலாவுக்கே வந்துவிட்டார். என் கட்டிலருகே உட்கார்ந்து, கேட்பவர் பயப்படும்படி அழுதார். இந்த அளவு ரசனையை நானே எதிர்பார்க்கவில்லை. அழுது ஓய்ந்ததும், என் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

“நாலு பேரா நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு ஊருல சொல்லுவாக. எனக்கு அன்னைக்கு அந்த நம்பிக்கையும் வரல தம்பி. யாரையாவது எடுத்துக்கிடத்தான் போகுதுன்னா, எம் பிள்ளையை விட்டுட்டு உங்களை எடுத்துக்கிடட்டும்னு நெனச்சுட்டேன். உங்க முகத்தைப் பாத்துக்கிட்டேதான் நெனச்சேன். அதுக்கப்புறம் உங்க வீட்டுல உள்ளவுக ஞாபகம் வந்துட்டு. மாசாமாசம் உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.”

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே அவள் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது. ரசிகை என்று நான் கொண்டாடியவர் என்னைப் பலியாடாக நிறுத்தியவர். எனக்குக் கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன், வரவில்லை. அந்த அறையில், அந்த வெயிலில், என்னைப் பெற்றவள் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். சங்கரி இருக்க வேண்டும் என்று நானும்தான் அன்று ஆசைப்பட்டேன், அதற்கு நான் போகலாம் என்று மட்டும் ஆசைப்படவில்லை.

“அதான் இருக்கேனே அக்கா” என்றேன்.

“இருங்க. எனக்குப் பொறவும் இருக்கணும்” என்றார்.

அப்படியே ஆயிற்று. சங்கரிக்குக் கல்யாணமாகி, பேத்தியையும் எடுத்துக் கொஞ்சிவிட்டு, ஒரு மதியத் தூக்கத்தில் கோமதி அம்மாள் போய்ச் சேர்ந்தார். அவருடைய போன் வராத முதல் மாதம் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஊரில் என்னை உயிரோடு வைத்திருப்பதில் அக்கறை கொண்ட ஒருவர் குறைந்துவிட்டார் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டேன். மாதக் கடைசியில் மணி அடித்தது.

“காக்கூ, சங்கரி பேசறேன். அம்மா ஒரு வேலை குடுத்துட்டுப் போயிருக்காங்க. உங்களை மாசாமாசம் விசாரிக்கணுமாம். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது காக்கூ. ஆனா விட்டுட பயமா இருக்கு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.” அப்புறம்தான் கேட்டாள், “நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்மா” என்றேன்.

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது.